புதுக்காட்டிலிருந்து இந்திராணி

இந்திராணி அக்காவை மண் மூடிய செய்தி எனக்குக் கால்நடையாக வந்தது. தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டும் சுந்தரம், செருப்பில்லாமல், புதுக்காட்டிலிருந்து குறுக்குப்பாதை முழுக்க விழுந்தும் எழுந்தும் ஓடி, பிற்பகல் மூன்றரை மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். உடம்பெல்லாம் சேறு. தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

“மாஸ்டர், இந்திராணி அக்காவ மண்ணு மூடிருச்சு. உசுரு இருக்கு. தோண்டி எடுத்துட்டோம். கம்பளியில கட்டித் தூக்கிட்டு வர்றாங்க. அம்புலன்ஸ கூப்புடுங்க.”

கூப்பிட்டேன். வண்டி முப்பத்தைந்து நிமிடத்தில் சந்திக்கு வந்துவிட்டது. அந்த டிரைவரை நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் மண் சரிந்தது ஒன்றரை மணிக்கு. சந்தியில் கம்பளியை இறக்கி வைத்தபோது, குனிந்து பார்த்த தாதி நிமிர்ந்து எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். அக்காவின் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. கால்கள்தான் நசுங்கியிருந்தன. பாதி வழிவரை பேசிக்கொண்டே வந்ததாகத் தூக்கி வந்தவர்கள் சொன்னார்கள்.

ஒன்பது வருடமாக இந்த மலையில் யாருக்கு எது நடந்தாலும் இரண்டு நிமிடத்தில் எனக்குச் சொன்னவர் அவர். அவருக்கு நடந்தது எனக்குத் தெரிய இரண்டு மணி நேரம் ஆனது.

கருமாதி அன்று என்னைப் பேசச் சொன்னீர்கள். எழுந்து நின்றேன், வாய் வரவில்லை, உட்கார்ந்துவிட்டேன். மாஸ்டருக்குத் துக்கம் தொண்டையை அடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டீர்கள். துக்கம் மட்டும் என்றால் எப்படியாவது பேசியிருப்பேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன். அவரைத் தெரிந்த மூன்று டிவிசன்காரர்களும் இதைப் படிக்க வேண்டும். படித்த பிறகு என்னைத் திட்டுவதென்றால் திட்டுங்கள்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. எங்கள் தோட்டம் பூண்டுலோயாவுக்கு மேலே இருக்கிறது. முன்பு ஒரு மண்சரிவு நடந்த பிறகு, மேல்கணக்கு, கீழ்கணக்கு, புதுக்காடு என்ற மூன்று டிவிசன்களுக்கும் தலா ஒரு வயர்லெஸ் கைச்செட்டும், கீழ்கணக்கில் இருக்கும் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு உயரக் கம்பியோடு ஒரு பெரிய செட்டும் யாரோ உதவியாகக் கொடுத்தார்கள். டிவிசனிலிருந்து எனக்குச் சொல்வார்கள், நான் அதே அலைவரிசையில் டவுனுக்குச் சொல்வேன், டவுனிலிருந்து அம்புலன்ஸ் வரும். புதுக்காட்டில் போன் சிக்னல் கிடையாது என்பதால் அங்கே அந்தச் செட்டுதான் எல்லாம். அதை முதலில் வைத்திருந்தவர் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார். இரண்டாமவர் அதில் கிரிக்கெட் கேட்க முடியுமா என்று திருகித் திருகிக் கெடுத்து வைத்தார். மூன்றாவதாக யாருக்குக் கொடுப்பது என்று கூட்டம் போட்டு நாங்கள் ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, கொழுந்தெடுத்துவிட்டு வந்த இந்திராணி அக்கா கூடையை இறக்கி வைத்தார்.

“மலைக்கு மலை ஏறுறது நாங்க. செட்டு மட்டும் ஒங்க கையிலயா? குடுங்க இங்க.”

அன்றிலிருந்து பொலித்தீன் பையில் சுற்றிய செட்டு அவர் இடுப்பில் கட்டும் படங்கின் மடிப்புக்குள் இருந்தது. மழையிலும் வெயிலிலும் அவரோடு மலையேறியது.

காலை ஆறே காலுக்கு, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகுமுன், மூன்று டிவிசனும் பேர் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மற்றவர்கள் “ஆளு இருக்கு” என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். அக்கா மட்டும் ஒன்றைச் சேர்த்துச் சொல்வார். “புதுக்காட்டுல இருந்து இந்திராணி. ஆளு இருக்கு. கான் தண்ணி தெளிவு.” தேயிலை நிரைகளுக்கு இடையே மழைநீர் ஓட வெட்டிய வடிகாலைத்தான் நாங்கள் கான் என்போம். தினமும் எதற்கு இந்தத் தண்ணீர்க் கதை என்று ஒருநாள் கேட்டேன். “மண்ணு சொல்லாம சரியாது மாஸ்டர். மொதல்ல தண்ணியில சொல்லும். தெளிஞ்ச தண்ணி மழையில்லாம கலங்கினா ஒரு சேதி. ஓடுற ஊத்து திடீர்னு நின்னா பெரிய சேதி. நம்மதான் காதுல போட்டுக்க மாட்டேங்குறோம்” என்றார். அதற்குப் பிறகு மற்ற இரண்டு டிவிசனும் கான் தண்ணியைச் சொல்லத் தொடங்கின. அப்படிச் சொல்லும்படி எந்த அலுவலகமும் எங்களுக்கு எழுதவில்லை.

குளவி கொட்டிய நாளை மறந்திருக்க மாட்டீர்கள். பகல் பத்து மணி இருக்கும். நான் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். செட்டில் அக்காவின் குரல் ஒரு பதற்றமும் இல்லாமல் வந்தது. “ஏழாம் நம்பர் மலை. குளவி. ஆறு பேரு. ஒருத்தி மாசமா இருக்கா. வண்டிய கீழ்ரோட்டால வரச் சொல்லுங்க. மேல்ரோட்டுல மரம் விழுந்து கெடக்கு.” பின்னால் பெண்கள் கத்தும் சத்தம் கேட்டது. “அழுகுறத பொறவு அழுவோம்டி, மொதல்ல கொண்டைய மூடுங்க” என்று அவர்களையும் அதட்டிக்கொண்டிருந்தார். ஆறு பேரும் பிழைத்தார்கள். மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போனால், ஆறாவது கட்டிலில் கண் திறக்க முடியாமல் முகம் வீங்கிப்போய் அக்கா படுத்திருக்கிறார். “அக்கா, உங்களையுமா கொட்டியது? சொல்லவே இல்லையே!” என்றேன். “ஆறு பேருன்னு சொன்னேன்ல? கணக்கு வாத்தியாரு, எண்ணத் தெரியாதா?” என்றார். வீங்கிய வாயால் சிரிக்க முடியாமல் சிரித்தார்.

இனி, அரசாங்கத்திலிருந்து வந்த ஒரு கடிதத்துக்கு வருகிறேன். நாங்கள் பேசும் அலைவரிசை வேறொரு சேவைக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது, அவசர சேவைகள் எல்லாம் புதிய அலைவரிசைக்கு மாறுகின்றன, குறிப்பிட்ட திகதிக்குப் பிறகு பழையதில் பேசக்கூடாது என்று எழுதியிருந்தது. எங்கள் பழைய செட்டுகள் புதிய அலைவரிசையை எடுக்காது. அரசாங்க வண்டிகளுக்குப் புதுச் செட்டு வாங்கப் பணம் ஒதுக்கியிருந்தார்கள். எங்களைப் போன்ற தொண்டர் குழுக்கள் தாங்களே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டுமாம். நான் அலைவரிசை என்றால் என்ன என்று கரும்பலகையில் கோடு போட்டு விளக்க ஆரம்பித்தேன். அக்கா இடைமறித்தார். “டவுன்காரங்க புது வீட்டுக்குக் குடி போறாங்க. நம்ம பழைய வீட்டுக் கதவத் தட்டிக்கிட்டே நிப்போம். அதானே மாஸ்டர்?”

அதேதான். அதற்குப் பிறகு மனு எழுதுவது என் வேலை, கூடவே வந்து நிற்பது அவர் வேலை. ஒருநாள் சம்பளத்தை விட்டுப் பெயர் வெட்டிக்கொண்டு, புடவையை மாற்றிக்கொண்டு பஸ் ஏறுவார். தோட்ட நிர்வாகம் இது பொதுமக்கள் பாதுகாப்பு, அரசாங்கம்தான் செய்ய வேண்டும் என்றது. அரசாங்கத்து அலுவலகம் ஒன்றில், தோட்டம் கம்பனியின் பொறுப்பில் இருக்கிறது, கம்பனி நிலத்துக்கு நாங்கள் செலவழிக்க முடியாது என்று அதிகாரி சிங்களத்தில் சொன்னார். நான் வழக்கம்போல என் மனுவின் மூன்றாவது பந்தியைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தேன். அக்கா அதே சிங்களத்தில் அவரைக் கேட்டார்: “அப்போ வோட்டுக் கேட்டு வரும்போது கம்பனியிடம் கேட்டுவிட்டா வருகிறீர்கள், மாத்தயா?” அதிகாரி சிரித்துவிட்டார். தேநீர்கூட வாங்கிக் கொடுத்தார். பணம்தான் கொடுக்கவில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது என்னைக் கிண்டல் செய்தார். “மாஸ்டரு எழுதுற மனுவ வாசிச்சா எனக்கே குடுக்கணும்னு தோணுது. குடுக்க வேண்டியவனுக்கு மட்டும் தோண மாட்டேங்குது.” வட்டகொடை தாண்டியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “பயமா இருக்கு மாஸ்டர்” என்றார். அவர் பயம் என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

அடுத்த வாரம் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பெண்களிடம் நேராகக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்குக் கொழுந்தெடுப்பது, கிலோவுக்கு இவ்வளவு என்று அன்றைக்கே கையில் கிடைக்கும் பணம், எங்கள் பெண்களுக்குத் தங்களுடையது என்று சொல்லிக்கொள்ள இருக்கும் ஒரே பணம். அதில் இரண்டு ஞாயிற்றுக்கிழமையைச் செட்டுக்குக் கொடுங்கள் என்றார். “மகனுக்கு சப்பாத்து வாங்க வச்சிருந்தேங்க்கா” என்று புதுக்காட்டு லெட்சுமி இழுத்தாள். “வாங்கு. ஒரு ஞாயித்துக்கெழம சப்பாத்துக்கு, ஒன்னு செட்டுக்கு. சப்பாத்து போட்ட புள்ள திரும்பி வர வீடு வேணும்ல” என்றார் அக்கா. லெட்சுமி இரண்டையும் கொடுத்தாள். மூன்று டிவிசன் பெண்களும் கொடுத்தார்கள். அதில் பாதிச் செலவு தேறியது.

மீதிப் பாதியை ஒரு பிரமுகர் தருவதாகச் சொன்னார். அவர் பெயர் இங்கே வேண்டாம். செட்டுகளைத் தன் கையால் வழங்க வேண்டும் என்பது அவருடைய ஆட்களின் நிபந்தனை. நியாயம்தானே என்று நினைத்தேன். பெட்டிகள் வந்தன. பள்ளிக்கூட அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவி என் சட்டைப்பையில் இருந்தது. விழாவுக்கு நாள் குறித்தோம். அவருக்கு வேறு அலுவல் வந்துவிட்டது. மறுபடி நாள் குறித்தோம். மழையால் பாதை சரியில்லை என்றார்கள். இதற்கிடையில் கடிதத்தில் சொன்ன திகதி வந்து போய்விட்டது. டவுன் புது அலைவரிசைக்குக் குடிபோனது. எங்களுடைய புது வீட்டுச் சாவி என் பையிலேயே கிடந்தது.

அக்கா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். “பெட்டிக்குள்ள இருக்குற செட்டு யாரோட மாஸ்டர் பேசும்? எடுத்துக் குடுங்க. அவரு வர்ற அன்னைக்கு மறுபடி பெட்டியில போட்டுக் குடுத்துடுறோம். நாங்களும் புதுசா வாங்குற மாதிரி கும்பிட்டு வாங்கிக்கிறோம்.”

அது நல்ல யோசனை. இன்றைக்கு நினைத்தால் அதைவிட நல்ல யோசனை இருக்க முடியாது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. பெட்டியின் ஒட்டுக் கிழிந்திருந்தால் தெரிந்துவிடும், அவர் மனம் கோணினால் புதுக்காட்டு லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் கட்டித் தருவதாகச் சொன்ன அணைச்சுவர் போய்விடும், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். பெரிய மனிதர் வந்து தொடும்வரை நமக்கென்று வந்த பொருளைத் தொடக்கூடாது என்று எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. “அப்ப, அடுத்த தடவ சாகப்போறவுங்களுக்காக இந்தத் தடவ சாகப்போறவுங்கள காத்திருக்கச் சொல்றீங்க” என்றார் அக்கா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. விழா நிகழ்ச்சி நிரலை நான்தான் எழுதினேன். அதில் ‘பழைய செட்டுகளை மேடையில் ஒப்படைத்தல்’ என்று ஓர் அம்சம் சேர்த்திருந்தேன். பார்ப்பதற்கு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அதற்காகப் பழையவற்றைச் சேகரித்து ஒரு சாக்கில் போட்டேன். அக்கா மட்டும் தரவில்லை. “புதுசக் கையில குடுங்க, பழசத் தாறேன்” என்றார். பழையதில் பேசினால் குற்றம் என்று கடிதத்தில் இருக்கிறதே என்றேன். “கேசு போட்டா நான் போறேன் கோர்ட்டுக்கு. நீங்க பள்ளிக்கூடத்துச் செட்ட மட்டும் அணைக்காம வச்சிருங்க. டவுனுக்குக் கேக்காட்டியும் ஒங்களுக்குக் கேக்கும். நீங்க போன்ல சொல்லிக்கலாம்.” சரி என்றேன். சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன்.

பதினொரு நாள் அந்த வாக்கைக் காப்பாற்றினேன். தினமும் ஆறே காலுக்கு அவர் குரல் மட்டும் தனியாக வந்தது. பதினோராம் நாள் பிற்பகல், பிரமுகர் நாளை மறுநாள் நிச்சயம் வருகிறார் என்று தொலைபேசி வந்தது. நான் பள்ளிக்கூடத்துச் செட்டைக் கழற்றி, தூசி துடைத்து, கம்பியைச் சுருட்டிச் சாக்கில் போட்டுவிட்டேன். ஒரு நாள்தானே என்று நினைத்தேன். புதுக்காட்டுக்கு ஆள் அனுப்பிச் சொல்லக்கூடத் தோன்றவில்லை.

மறுநாள் விடியும்போது நல்ல மழை. மின்சாரம் இல்லை. புதுக்காட்டில் நடந்ததைச் சுந்தரம் பிறகு சொன்னார். அக்கா பன்னிரண்டு குடும்பத்தையும் லயத்திலிருந்து கிளப்பி, மாரியம்மன் கோயிலுக்கு அனுப்பியிருக்கிறார். படுக்கையில் கிடந்த ஒருவரையும் தூக்கிப்போக வைத்திருக்கிறார். “கீழ ஆள அனுப்பவாக்கான்னு கேட்டேன் மாஸ்டர். வேணாம், சாமான் தூக்க ஆளு வேணும், மாஸ்டரு செட்ட போட்டுத்தான் வச்சிருப்பாரு, காலையில கரண்டு இல்லாம இருந்திருக்கும், இப்பக் கேக்கும்னாங்க.” லயத்துக்குப் பின்னால் இருக்கும் மேட்டில்தான் செட்டு நன்றாக எடுக்கும். எல்லாரையும் அனுப்பிவிட்டு அந்த மேட்டில் ஏறி நின்றிருக்கிறார். மண் அங்கேதான் சரிந்தது. அந்த லயத்தில் வேறு ஒருவருக்கும் ஒரு காயமும் இல்லை. என்னைக் கூப்பிடப் போனவர் மட்டும் அகப்பட்டார்.

அன்று மாலையே அலுமாரியைத் திறந்து பெட்டிகளைக் கிழித்தேன். செட்டுகளைச் சார்ஜில் போட்டு, ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். ஒரு மேடையும் இல்லை, மாலையும் இல்லை. பிரமுகரின் செயலாளருக்குப் போன் செய்து, மன்னிக்க வேண்டும், விழாவுக்கு முன்பே கொடுத்துவிட்டேன் என்று பயந்துகொண்டே சொன்னேன். அவர் நல்லவிதமாகத்தான் பேசினார். “அதுக்கென்ன மாஸ்டர்? நீங்க முன்னாடியே குடுத்திருக்கலாமே” என்றார்.

முன்னாடியே கொடுத்திருக்கலாம். கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவே இல்லை.

இப்போது புதுச் செட்டுகள் நன்றாக வேலை செய்கின்றன. புதுக்காட்டுச் செட்டு லெட்சுமியிடம் இருக்கிறது. இரண்டு வாரம் பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்த பன்னிரண்டு குடும்பமும், போக வேறு இடமில்லாமல், இடியாமல் மிஞ்சிய லயத்துக்கே திரும்பிப் போய்விட்டார்கள். வீடு கட்டத் தருவதாகச் சொன்ன காணி எந்த மேசையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. நான் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். தினமும் ஆறே காலுக்கு லெட்சுமி சொல்கிறாள்: “ஆளு இருக்கு. கான் தண்ணி கலங்கல்.” எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. டவுனுக்கும் கேட்கிறது. கேட்டு என்ன செய்வது என்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. அக்கா இருந்திருந்தால் இந்நேரம் எந்த வாசலில் போய் நின்றிருப்பாரோ.

அவருடையது என்று என்னிடம் இருப்பது ஒரு கொப்பி. கருமாதி முடிந்த மறுநாள் அவர் கணவர் தங்கராஜ் அண்ணன் கொண்டுவந்து கொடுத்தார். செட்டோடு அதே பொலித்தீன் பையில் இருந்ததாம். ஒன்பது வருடத்துக் கான் தண்ணியும் அதில் இருக்கிறது. “எனக்கு வாசிக்கத் தெரியாது மாஸ்டர். கடைசியா என்னா எழுதியிருக்கா?” என்று கேட்டார். தண்ணீரைப் பற்றித்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது பாதிப் பொய். அண்ணனுக்கு இதை யாராவது வாசித்துக் காட்டுங்கள். ஐந்தாம் வகுப்புவரை படித்த கையெழுத்து. நனைந்த இடத்தில் மை பரவியிருக்கிறது. ஆனாலும் வாசிக்க முடிகிறது.

‘ஆறே கால். கூப்பிட்டேன். பதில் இல்ல. கான் தண்ணி கலங்கல்.

பன்னெண்டு. ஊத்து நின்னுருச்சி. கூப்பிட்டேன். பதில் இல்ல.

பன்னெண்டரை. எல்லாரும் கோயிலுக்குப் போறாங்க. கூப்பிட்டேன்.

ஒரு மணி. கூப்பிட்டேன்.

ஒன்னே கால். மாஸ்டருக்குக் கேக்கல போல. அங்கயும் மழ சத்தமா இருக்கும். மேட்டுல ஏறித் திரும்பக் கூப்புடுறேன்.’